காட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு ஃபோன்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வேன் பிடித்து, காட்டோரத்து ரிசார்ட் ஒன்றுக்குப் போனோம். நீச்சல் குளம், நெருப்பு மூட்டி ஆட்டம், பதினொரு மணி வரை ஸ்பீக்கர். நானும்தான் ஆடினேன், மறைக்க ஒன்றுமில்லை. மறுநாள் காலை சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து ஊர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். “நீங்க பாட்டு போட்டா ஆனை இந்தப் பக்கம் தண்ணிக்கு வராது. சுத்திக்கிட்டு எங்க ஊர் வழியாப் போகும். போன மாசம் என் தம்பியோட வாழைத்தோட்டம் அப்படித்தான் போச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி நனையும் என்பதுபோல் சொன்னார்.

அந்த ராத்திரிக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று திரும்பும்போது வேனில் கணக்குப் போட்டோம். வந்த தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு பல தடவை போய் வந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: காட்டுப் பயணத்தின் நல்லது கெட்டது முக்கால்வாசி பெங்களூரிலேயே, அறை பிடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அங்கே போய்க் குப்பை போடாமல் இருப்பதெல்லாம் மிச்சக் கால்வாசி. அதனால் இந்த வழிகாட்டியில் கிளம்பும் முன் செய்ய வேண்டியதுதான் அதிகம் இருக்கும்.

படி 1: எங்கே போவது

“வீக்கெண்ட் எங்கயாவது போலாமா?” என்று வாட்ஸாப்பில் யாராவது கேட்டால், நம் எல்லோர் வாயிலும் வருவது பந்திப்பூர் அல்லது கபினி. நல்ல காடுகள்தான். பந்திப்பூர் 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோதே சேர்க்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. ஆனால் எல்லோரும் அங்கேயே போவதுதான் அதன் தலைவலி. குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் வேறு இடங்களைத்தான் சொல்வேன்.

முதலில் கொக்கரே பெள்ளூர். மைசூர் சாலையில் மத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பிரிந்து போக வேண்டும், பெங்களூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இது காடே இல்லை, ஒரு கிராமம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீடுகளுக்கு நடுவில் நிற்கும் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. எச்சம் வயலுக்கு உரமாகிறது. கூடு இருக்கும் மரத்தில் புளி உலுக்க முடியாது என்பதால் அந்த இழப்புக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுத்து வந்திருக்கிறது. கன்னடத்தில் கூழைக்கடாவை ஹெஜ்ஜார்லே என்பார்கள். ‘ஹெஜ்ஜார்லே பளகா’ என்று ஊர் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் குழு, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுகிறது. 2007-இல் இதைச் சமுதாயக் காப்பகமாக அறிவித்தார்கள். நம் ஊர்க் கூந்தன்குளத்தையோ, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியையோ தெரிந்தவர்களுக்கு இந்த ஊரைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடங்கள். யார் வீட்டு மொட்டை மாடியிலிருந்தாவது பார்க்க ஆசை வந்தால் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இரண்டாவது, சாமராஜநகர் மாவட்டத்தின் பிளிகிரி ரங்கன் மலை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது சோலிகர்கள் என்னும் பழங்குடி மக்களின் மலை. 1974-இல் சரணாலயமாக்கியபோது காட்டுக்குள் சிதறி வாழ்ந்தவர்களை வெளியே கொண்டுவந்து ‘போடு’ எனப்படும் குடியிருப்புகளில் வைத்தார்கள். அவர்கள் வழக்கமாக வைத்துவந்த ‘தரகு பெங்கி’யும் தடை செய்யப்பட்டது. கோடை முற்றும் முன் தரையில் கிடக்கும் சருகுக்கு மட்டும் வைக்கும் சிறு தீ அது. அதை நிறுத்திய பிறகுதான் லாண்டானா எனப்படும் உண்ணிச்செடி காடெங்கும் பரவிப் புல்லைத் தின்றது, பெருந்தீயும் வந்தது என்று சோலிகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் சிலரும் அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2011-இல் இந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சோலிகர்களின் சமுதாய வன உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு போனால், வழிகாட்டியாக வரும் சோலிக இளைஞர் ‘தொட்ட சம்பிகே’ என்கிற பழம்பெரும் செண்பக மரத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றும்போது நாமும் கழற்றுவோம்.

மூன்றாவது, ஓசூர்ப் பக்கம். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. பலருக்கு அது வாரக் கடைசியில் காய்கறி வாங்கும் வழி. ஆனால் பன்னேருகட்டாவிலிருந்து கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைகள் இறங்கிவரும் வழியும் அதுதான். காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. மலையேற்றத்துக்கு இந்தப் பகுதி அருமை. அனுமதி பற்றி நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 2: எப்போது போவது

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புதர் காய்ந்து, மிருகங்கள் குட்டையோரம் கூடும். எளிதாகக் கண்ணில் படும். ஆனால் அதுதான் அவற்றுக்குக் கஷ்டமான காலம், காட்டுத் தீயின் காலமும் அதுவே. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். என் கட்சி, மழை விட்ட பிறகு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. புலி தெரியாது. பரவாயில்லை, காடு தெரியும்.

முடிந்தால் நீண்ட விடுமுறை நாட்களைத் தவிர்த்து செவ்வாய், புதனில் போங்கள். சனிக்கிழமை வரும் முப்பது பேருக்குச் சமைத்துவிட்டு மீதி ஐந்து நாள் சும்மா இருக்கும் ஹோம்ஸ்டேக்காரருக்கு, நடுவாரத்தில் வரும் நாலு பேர்தான் பெரிய உதவி.

இன்னொன்று, சஃபாரி எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பரில், புலி தாக்கி ஆட்கள் இறந்ததை ஒட்டி பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தி வைத்தார்கள். காசு கட்டியவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் ஊருக்குள் ஒரு வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது வாசலில் ஜீப் ஊர்வலம் போனால் எப்படி இருக்கும்?

படி 3: தங்குமிடம், அதாவது அந்த ஃபோன்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தால்கூடப் போதும் என்பேன். வலைதளத்தில் படம் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பத்து நிமிடம் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

நான் முதலில் கேட்பது, “ராத்திரி கேம்ப் ஃபயர், மியூசிக் எல்லாம் உண்டா?” கொஞ்சம் ஆசையோடு கேட்பதுபோலக் கேட்க வேண்டும். “உண்டு சார், டிஜே கூட ஏற்பாடு பண்ணலாம்” என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். “இல்ல சார், இங்க ஆனை நடமாட்டம், ஒன்பது மணிக்கு மேல விளக்கே கம்மி” என்றால் மேலே பேசலாம்.

அடுத்தது, “நைட் சஃபாரி கிடைக்குமா?” காப்பகத்தை ஒட்டிய சாலைகளில் ராத்திரி ஜீப்பில் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றுவதைத்தான் சிலர் அப்படி விற்கிறார்கள். அது சட்டவிரோதம். ஆமாம் என்று பதில் வந்தால் அங்கே மற்றது எதுவும் சரியாக இருக்காது.

பிறகு, வேலை செய்கிறவர்கள் எந்த ஊர், சமையல் யார், காய்கறி எங்கே வாங்குகிறீர்கள், வேலி என்ன வேலி, குப்பை எங்கே போகிறது. கடைசிக் கேள்விக்கு “பின்னாடி எரிச்சிடுவோம்” என்பார்கள் பலர். அதற்காகவே ஒதுக்க வேண்டாம், நம் குப்பையை நாமே திருப்பி எடுத்து வந்துவிடலாம். ஆனால் உரிமம் பற்றிய கேள்வியில் விட்டுக்கொடுக்காதீர்கள். “ஹோம்ஸ்டே பதிவு இருக்கிறதா, எண் அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் சங்கடப்பட மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மசினகுடியை நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு தங்குமிடத்துக்கு அருகே வந்த யானை மீது எரியும் துணியை வீசினார்கள். காதில் பற்றிக்கொண்டு ஓடிய யானை பிறகு செத்துப்போனது. அந்த விடுதிக்கு உரிமமே இல்லை என்று தெரிந்து சீல் வைத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2020 அக்டோபரில், அந்தப் பகுதியின் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழித்தடம் என்பது யானைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாதை. அதன் நடுவில் கட்டிய அறையில் நாம் படுத்திருந்தால், ஜன்னலுக்கு வெளியே யானை நிற்பது அதன் குற்றமில்லை.

இந்தக் கேள்விகளில் தேறும் இடம் பெரும்பாலும் மூன்று நாலு அறை உள்ள வீடாக இருக்கும். சோற்றுக்கும் சாம்பாருக்கும் குறை இருக்காது. வெந்நீர் வாளியில் வரும். வைஃபை வராது. ஒரு உள்ளூர்க் குடும்பம் தாங்களே நடத்தும் வீடு என்றால் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி அந்த ஊரிலேயே தங்கும்.

படி 4: அனுமதி

நீலகிரி மாவட்டத்துக்குள் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதென்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது இது. பந்திப்பூர் தாண்டி தெப்பக்காடு, மசினகுடி போகிறவர்கள் ஊட்டிக்குப் போகவில்லையே என்று நினைத்து இதை விட்டுவிட்டு, கக்கநல்லா செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டி ஃபோனில் சிக்னல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். காட்டை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். நமக்குப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகள். கர்நாடகத்துப் பாதைகளுக்கு வனத்துறையின் ‘அரண்ய விஹாரா’ தளம். யூடியூப் பார்த்து அனுமதி இல்லாத பாதையில் ஏறும் வீரமெல்லாம் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்தது நமக்குத் தெரியும்.

படி 5: பை

மங்கிய நிறத்தில், அதாவது மண், பச்சை, சாம்பல் நிறத்தில் உடை. செண்ட் வேண்டாம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். நீலகிரி செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கிக்கொள்வார்கள், வாக்குவாதம் செய்து பயனில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாவில் கட்டிக்கொண்டால் வழியில் சிப்ஸ் பாக்கெட் தேவைப்படாது. பைனாகுலர் ஒன்று கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். கூட்டத்துக்குள் முண்டியடித்துக் கிட்டே போகும் ஆசை பாதி அடங்கிவிடும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை. காட்டோரக் கடைகளில் சிக்னல் இல்லாதபோது கியூஆர் கோடு வெறும் அட்டைதான்.

படி 6: சாலை

கார் இல்லாமலே போகலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட் பஸ் நிலையத்தில் ஏறினால் மைசூர். அங்கிருந்து குண்டுலுபேட்டைக்கும் சாமராஜநகருக்கும் பஸ் உண்டு. ஊட்டி பஸ்ஸெல்லாம் பந்திப்பூர், தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன. பஸ்ஸின் உயரத்தில் உட்கார்ந்தால் காரில் இருப்பவருக்குத் தெரியாத யானை நமக்குத் தெரியும். இது என் அனுபவம்.

காரில்தான் என்றால் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். பந்திப்பூர் வழிச் சாலைகள் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். கோவைக்காரர்கள் கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகத் திம்பம் இறங்குவார்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் 2022 பிப்ரவரி முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதலும், கார் போன்றவற்றுக்கு இரவு 9 முதலும் காலை 6 வரை தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை அது. “எட்டு ஐம்பதுக்குள்ள செக்போஸ்ட் தாண்டிடலாம்” என்று விரட்டுகிறவர்கள்தான் மானை அடிக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்கும் யானைகளை நீங்களும் பார்த்திருக்கலாம். லாரிக்காரர் ஒருநாள் நாலு கட்டை வீசினார். இன்று அது வண்டியை மறிக்கிறது. குரங்குக்கு நாம் போடும் பிஸ்கட்டும் இதே கதைதான். என் அத்தை ஒருவர், “பாவம்டா, பசியா இருக்கும்” என்று கண்ணாடியை இறக்கிவிடுவார். அவரிடம் காடு, சட்டம் எல்லாம் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. “அத்தை, நீங்க போடறதை எடுக்க வந்து அடுத்த வண்டியில அடிபடும்” என்றேன். அன்றிலிருந்து பிஸ்கட் பையிலேயே இருக்கிறது.

காட்டுச் சாலையில் இறங்கவே கூடாது. சிறுநீர் கழிக்கக்கூட. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையோடு படம் எடுக்க இறங்கியவரை அது துரத்தி மிதித்தது. உயிர் தப்பியவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், ஹை பீம் போடாமல் காத்திருங்கள். பின்னால் போக இடம் விட்டு நிறுத்துவது முக்கியம்.

படி 7: சஃபாரி

ஏறியதும் டிரைவரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “ஹுலி சிகலில்லா அந்த்ரூ பரவாயில்ல, நிதானவாகி ஹோகி.” புலி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாகப் போங்கள். இதைக் கேட்டதும் பல டிரைவர்களின் தோள் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். புலி காட்டினால்தான் டிப்ஸ் என்று பயணிகள் பழக்கிவிட்டதால்தான் ஒரு குட்டையைச் சுற்றிப் பத்து வண்டி கூடுகிறது, நடுவில் புலி வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது. டிப்ஸ் கொடுப்பதானால் என்ன பார்த்தாலும் ஒரே தொகை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெதுவாகப் போனால் என்ன தெரியும்? மரத்துக்கு மரம் தாவும் மலை அணில், புதருக்குள் காதை மட்டும் ஆட்டும் கடமான், சீட்டியடித்துக்கொண்டு வேட்டைக்குப் போகும் செந்நாய்க் கூட்டம். புள்ளிமான் குரல் கொடுத்ததும் மந்தி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனிப்பதே ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம், முக்கியமாகக் கூடு கட்டும் காலத்தில். குழந்தை கத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு தடவைதானே. பெரியவர்கள் “ஏய் புலி புலி” என்று எழுந்து நிற்பதுதான் தாங்க முடியாதது.

படி 8: ஊருக்குள்

பேச்சைக் கன்னடத்தில் தொடங்குங்கள், தப்பாக இருந்தாலும். “நமஸ்கார, ஊட்டா ஆயித்தா?” போதும். சாமராஜநகர்ப் பக்கம் பலருக்குத் தமிழ் தெரியும், அவர்களே மாறிக்கொள்வார்கள். எடுத்த எடுப்பில் நாம் தமிழில் ஆரம்பிப்பது வேறு, அவர்கள் நமக்காக மாறுவது வேறு. காடு என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அங்கிருந்து பேச்சு தானாக வளரும்.

ராகி களியை அவர்கள் முத்தே என்பார்கள், சாப்பிட்டுவிடுங்கள். தேன் வாங்குவதானால் சோலிகர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம். உண்ணிச்செடிக் குச்சியில் செய்த கூடை, நாற்காலி கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். காட்டை அடைக்கும் செடி அறுபடுகிறது, செய்தவருக்குக் கூலி கிடைக்கிறது. மான் கொம்பு, முள்ளம்பன்றி முள் என்று யாராவது ரகசியமாக எடுத்து நீட்டினால் பார்க்கவே வேண்டாம்.

ஆதிவாசிக் குடியிருப்புக்குள் அழைக்காமல் போகக்கூடாது. “டிரைபல் டான்ஸ் ஷோ” என்று விற்பதையும் நான் வாங்குவதில்லை. வழிகாட்டியோடு நாள் முழுக்க நடந்து, அவரே சாயங்காலம் வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட்டால் அது வேறு. அப்போதும் குழந்தைகளைப் படமெடுக்கும் முன் அம்மாவைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் அள்ளிக் கொடுக்கும் பழக்கத்தைக் குரங்குகளோடு சேர்த்து விட்டுவிடுவது நல்லது. ஏதாவது கொடுக்க ஆசையென்றால், பந்திப்பூர், நாகரஹொளே சுற்றுவட்டாரத்தில் 2015 முதல் ‘வைல்ட் சேவே’ என்ற திட்டம் நடக்கிறது. பயிரையோ மாட்டையோ இழந்த விவசாயிகள் அரசு ஈட்டுத்தொகைக்கு விண்ணப்பிக்க உதவுகிறார்கள். முதல் பத்தியில் வந்த வாழைத்தோட்டம் மாதிரியான இழப்புகளுக்குத்தான்.

படி 9: திரும்பி வந்த பிறகு

படம் போடும்போது இடத்தைக் குறிக்காதீர்கள், காட்டின் பெயர் மட்டும் போதும். ஆந்தைக் கூடு இருக்கும் மரத்தை யாரோ துல்லியமாகச் சொல்லிவிட, அடுத்த வாரம் பதினைந்து கேமரா அதன் கீழே நின்ற கதை எனக்குத் தெரியும். குஞ்சு என்னவானது என்று கேட்க மனமில்லை.

தங்கிய இடம் பற்றி விமர்சனம் எழுதுங்கள். “வியூ சூப்பர்” என்று இல்லாமல், ராத்திரி அமைதியாக இருந்தது, உள்ளூர் ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள், இரவு சஃபாரி கேட்டவர்களுக்கு முடியாது என்று சொன்னார்கள் என்று எழுதுங்கள். டிஜே கேட்டுத் தேடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வேறு இடம் போய்விடுவார்கள், ஹோம்ஸ்டேக்காரருக்கும் அது நிம்மதிதான். தப்பாக ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் எழுதி அந்தச் சரக வன அலுவலருக்கு அனுப்புங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒன்று. ஞாயிறு மாலை திரும்பாதீர்கள். கெங்கேரியிலிருந்து நாயண்டஹள்ளி வரை நிற்கும் நெரிசலில் இரண்டு நாள் நிம்மதியும் ஹாரனோடு போய்விடும். திங்கள் விடியற்காலை கிளம்புங்கள். ஹோம்ஸ்டேயில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கியதாகவும் ஆகும்.